படத்தில் உள்ளபடி

படம் வரைய வந்தவனுக்குச் சோறு போட வேண்டாம் என்று முதல் நாளே சொன்னேன். மைனி கேட்கவில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என் பேச்சை ஒரு தடவையாவது கேட்டதாக எனக்கு நினைவில்லை. அண்ணன் வேதமாணிக்கம் செத்த பிறகு நாங்கள் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பின் முன்னால் நின்று, ஒரே அறையில் படுத்து, காலையும் மாலையும் சண்டை போட்டுக்கொண்டு காலத்தைத் தள்ளினோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மைனி தங்கபாய்க்குப் பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு இருந்தது மெஸ் ஒன்றுதான்.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்திலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பழைய மாடிக் கட்டிடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அந்த மெஸ் இருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து பிழைக்க வந்த அண்ணன் தொடங்கியது. காலையில் கஞ்சியும் பயறும், மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீன்கறியும், சாயங்காலம் அவித்த மரச்சீனிக் கிழங்கு. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டிட வேலைக்கு வந்த தென்காசி, வள்ளியூர் ஆட்கள், ஆசுபத்திரியில் நோயாளிக்குத் துணையிருக்க வந்து பாஷை தெரியாமல் முழிக்கிறவர்கள், எல்லோருக்கும் அங்கே ஒரு பெஞ்சு உண்டு. மேல்மாடியில் சாய்வான மரச்சட்டங்கள் வைத்த அறை. அதில் நாங்கள் குடியிருந்தோம்.

அந்தக் கட்டிடத்தைப் பற்றி இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஓட்டுக் கூரையின் முகப்பில் இருக்கும் மரவேலைப்பாடு வேறெங்கும் கிடையாதாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுமாம். எங்களுக்கு அது மழை பெய்தால் பாத்திரம் வைக்க வேண்டிய கட்டிடம். மூச்சு விட்டதோ என்னவோ, கரையான் நிறைய விட்டது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அதன் மரப்படியில் ஏறும்போது நான் ஒரு நாளும் கீழே குனிந்து பார்த்ததில்லை. காலுக்கே வழி தெரியும்.

சந்தில் இருந்த கட்டிடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மூலையில் இருந்த மருந்துச் சாமான் கடை போனது. பாத்திரக் கடை போனது. ஓட்டைப் பிரிப்பார்கள், உத்தரத்தை இறக்கி விற்பார்கள், மண்ணை லாரியில் அள்ளுவார்கள், அந்த இடத்தில் கண்ணாடி வைத்த கடை எழும்பும். எங்கள் கட்டிடத்தின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய காரியஸ்தன் ஒரு நாள் வந்து, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், வேறு இடம் தேடிக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான். உட்காரக்கூட இல்லை.

அன்றிலிருந்து மைனிக்கு உறக்கம் போனது. மீன்கறியில் புளி ஏறியது, சோறு குழைந்தது, சாப்பிடுகிறவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊரில் இருந்த பங்கை அண்ணனின் வைத்தியத்துக்காக எப்போதோ விற்றாகிவிட்டது. இந்தக் கதவு மூடினால் எங்களுக்குத் திரும்பிப் போக வேறு கதவு கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாங்கள் சண்டை போடவில்லை.

இந்த நேரத்தில்தான் அபிலாஷ் வந்து சேர்ந்தான். தோளில் பை, கையில் மடக்கு ஸ்டூல், பலகையில் ஒட்டிய தடித்த காகிதம். தாடி வைத்த, மரியாதை தெரிந்த பையன். நகரத்தில் இடிக்கப்போகிற கட்டிடங்களை, இடிப்பதற்கு முன்னால் வரைந்து வைப்பதுதான் அவன் வேலையாம். கோட்டைக்குள், வஞ்சியூரில், கரமனையில் என்று எங்கே ஓடு இறங்கப்போகிறதோ அங்கே போய் ஸ்டூலை விரித்துவிடுவான். ஆள் மூச்சை விடுமுன்னாலேயே சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தவன் என்று நான் சொன்னேன்.

"சும்மா இரி பிள்ளே," என்றாள் மைனி. "இவன் வரஞ்சது பேப்பர்ல எல்லாம் வருதாம். பேப்பர்ல வந்தா பின்ன இடிப்பினுமா? ஊரே கேக்காதா?"

"அவன் கட்டிடத்த வரைய வந்திருக்கான். ஒன்னயும் என்னயும் வரைய இல்ல."

"கட்டிடம் நின்னா நாம நிக்க மாட்டமா?"

அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அவள் இலை போட்டு, பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்து, "தின்னு மக்கா, வெயிலத்து நிக்கியது எளுப்பமா?" என்றாள். அவனும் நன்றாகத்தான் சாப்பிட்டான். அதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

பிறகு அவன் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். முதலில் வாசலில் இருந்த கைகழுவும் டிரம். அதை உள்ளே உருட்டினோம். பிறகு வெயிலுக்குக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய். அது போன பிறகு வரிசையில் நின்றவர்கள் வெயிலில் நின்றார்கள். பிறகு மேல்மாடிச் சட்டங்களில் நாங்கள் உலர்த்தும் துணி. எல்லாவற்றையும் அவன் கெஞ்சித்தான் கேட்டான், ஒன்றையும் அதிகாரமாகக் கேட்கவில்லை. காலை வெளிச்சம் முகப்பில் விழும்போதுதான் மரத்தின் நிறம் சரியாகத் தெரியுமாம். எங்கள் அடுப்புப் புகை அந்த நேரம் பார்த்து மேலே போகிறதாம். மைனி காலைக் கஞ்சியை நிறுத்தினாள். படம் முடிகிறவரைதானே என்றாள்.

கஞ்சி இல்லை என்றதும் வாசலில் முனகல் எழுந்தது. அதில் பெரிய சத்தம் மகாராஜாவுடையது. தென்காசிப் பக்கத்துக் கொத்தனார். பெயரை வைத்து அவனை நாங்கள் செய்யாத கேலி இல்லை. மகாராஜாவுக்கு அப்பளம் போடு, மகாராஜாவுக்குச் சிங்காசனம் எடுத்துப் போடு என்று நான் கூவுவேன். அவனும் முண்டாசை நேராக்கிக்கொண்டு உட்காருவான். படம் வரைகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவன் முகம் கழுவி, தண்ணீர் தொட்டுத் தலை வாரி, வாசல்படியில் போய்க் காலை அகட்டி உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, ஒந்நு மாறி இரிக்காமோ?" என்று அபிலாஷ் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஏன், நான் உக்காந்தா கட்டடம் சரிஞ்சிருமோ?"

"அதல்ல அண்ணா. ஆளு வேண்டா. கெட்டிடம் மாத்ரம்."

மகாராஜா எழுந்து உள்ளே வந்தான். விளையாட்டாகத்தான் உட்கார்ந்தான், ஆனால் எழுந்து வரும்போது முகம் விளையாட்டாக இல்லை. "என்னக்கா, கஞ்சியும் கிடையாதுங்கிய, படியில உக்காரவும் கூடாதுங்கான். நாங்க என்ன இங்க ஆவியாவா சுத்துதோம்?" என்றான். மைனி அவனுக்குப் பழைய சோற்றைப் பிழிந்து போட்டு, மோர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

கடைசியில் போர்டு. வாசல் நிலைக்கு மேலே தகரத்தில் நீலச் சாயம் அடித்து, மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் 'வேதமாணிக்கம் மெஸ்' என்று வெள்ளையில் எழுதியிருக்கும். அண்ணன் தானே எழுதியது. தமிழ் நேராக நிற்கும், மலையாளம் கொஞ்சம் சரிந்திருக்கும். கற்றுக்கொண்ட புதிது.

அபிலாஷ் தயங்கித் தயங்கித்தான் வந்தான். அந்தப் போர்டுக்குப் பின்னால் நிலையின் மேல்சட்டத்தில் செதுக்கு வேலை இருக்கிறதாம். போர்டு இருந்தால் அது தெரியாதாம். "அம்மச்சிக்கு விஷமம் ஆவெங்கில் வேண்டா," என்றான். மனது கஷ்டப்படுமென்றால் வேண்டாம் என்கிறான். இப்படிக் கேட்டால் மைனி மாட்டேன் என்று சொல்வாளா?

நான் கத்தினேன். "மைனி, எல்லாத்தையும் எடுத்தாச்சு. இது அண்ணன் எழுதினது. இதத் தொடப்பிடாது."

அதற்குள் அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். "எனக்க மாப்பிள எழுதினதத் தூரவா போடப்போறேன்? படம் முடிஞ்சா நாமளே மாட்டலாம். ரெண்டு ஆணிதானே," என்றாள். கழற்றின போர்டைத் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் துடைத்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். அபிலாஷ் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். பிறகு எட்டப் போய் நின்று, தலையைச் சாய்த்துக் கட்டிடத்தைப் பார்த்து, "இப்போழாணு சரியாயது," என்றான். இப்போதுதான் சரியானதாம்.

மியூசியம் பக்கத்தில் ஒரு கூடத்தில் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு நாங்கள் போனோம். ஏசி குளிரில் பேசத் தெரியாமல் நடந்தோம். எங்கள் கட்டிடம் நடுச்சுவரில் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், படம் அழகாக இருந்தது. ஓடு மழையில் நனைந்து வெயில் பட்ட நிறத்தில் இருந்தது. முகப்பின் மரம் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. இங்கேயா நாம் இத்தனை காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மைனி அழுதேவிட்டாள். நான் அழாமல் தேடினேன். டிரம் இல்லை, தார்ப்பாய் இல்லை, புகை இல்லை, அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் வாசல்படியில் ஒரு பெண் நின்றாள். பொன்சரிகைக் கசவுக்கரை முண்டும் மேலே நேரியதும் உடுத்தி, நெற்றியில் சந்தனம், தலையில் பூ, இடுப்பில் செம்புக்குடம். ஆள் வேண்டாம் என்று மகாராஜாவை எழுப்பிவிட்ட அதே படியில்.

"இது ஆரு மைனி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "சும்மா ஒரு அழகுக்கு வச்சிருப்பான்."

"அழகுக்குன்னா ஒன்ன வைக்கப்பிடாதா? அவனுக்குப் பொங்கிப் போட்டது நீதானே?"

"நைட்டியும் துவர்த்துமா நிக்கியதையா?" என்று மைனி சிரித்தாள். எங்களிடம் செம்புக்குடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தது பச்சை பிளாஸ்டிக் குடம். அபிலாஷ் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, இந்த அம்மச்சி தந்த சோற்றைத் தின்றுதான் வரைந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னான். கை தட்டினார்கள். மைனி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் மைனி நினைத்தபடியே நடந்தன. படம் பேப்பரில் வந்தது, போன்களில் பரவியது. கட்டிடக்கலை படிக்கிற பிள்ளைகள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு சந்தில் வந்து நின்றார்கள். டீவிக்காரர்கள் மைனியின் முன்னால் மைக்கை நீட்டினார்கள். "ஒரு ஓடு மாறப்பிடாது. இது எப்படி இருந்துதோ அப்படியே நிக்கணும்," என்றாள். அது அவளுடைய படத்தோடு பேப்பரில் வந்தது. அதை வெட்டி, கஞ்சியைத் தொட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டினது நான்தான்.

கட்டிடத்தை இடிக்கக் கூடாது, அது பாரம்பரியக் கட்டிடம் என்று உத்தரவு வந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒதுங்கிக்கொண்டார். அன்று மைனி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். போதகர் வந்து ஜெபம் பண்ணினார். மகாராஜா மூன்றாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கல்லாற்றில் ஒரு ரிசார்ட் வேலை கிடைத்திருக்கிறது, மலைக்குப் போகிறேன், திரும்பி வந்ததும் முதல் சோறு இங்கேதான் என்று சொல்லிக் கிளம்பினான். மைனி ஸ்டூலில் ஏறி அண்ணனின் போர்டைத் திரும்ப மாட்டினாள். இரண்டு ஆணி.

பாரம்பரியக் கட்டிடங்களைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டிக்காரர்கள் வந்தது அதற்கப்புறம். சட்டை மடிப்புக் கலையாத ஒரு அதிகாரி, அவருக்குப் பின்னால் டேப் பிடிக்கிறவர்கள், ஓரமாக அபிலாஷ். அவனை ஆலோசகராகச் சேர்த்திருந்தார்கள். மைனி அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்க உள்ளே ஓடினாள்.

அதிகாரியின் கையில் அபிலாஷின் படம் பெரிய அச்சாக இருந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு கட்டிடத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பார்த்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல இன்னொருவர் குறித்துக்கொண்டார். தார்ப்பாய், பின்னால் சேர்த்தது. டிரம், பின்னால் சேர்த்தது. புகைக்குழாய், பின்பக்கக் கொட்டகை, பாத்திரம் கழுவும் மேடை, எல்லாம் பின்னால் சேர்த்தவை, எடுக்க வேண்டும். கட்டிடத்தை அதன் அசல் உருவத்துக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். மரக்கட்டிடத்துக்குள் அடுப்பு எரியக் கூடாதாம். வேலை முடிகிறவரை நாங்கள் காலி செய்ய வேண்டும். முடிந்த பிறகு கட்டிடத்தின் கௌரவத்துக்குப் பொருந்துகிற உபயோகத்துக்குத்தான் விடுவார்களாம்.

நாரங்கா வெள்ளத் தட்டோடு நின்ற மைனிக்குப் பாதிதான் புரிந்தது. "சாரே, இஞ்ச மெஸ்ஸு உண்டு சாரே. எனக்க மாப்பிள காலம் தொட்டு உண்டு," என்றாள்.

அவர் கோபப்படவில்லை. படத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஈ படத்தில் மெஸ் எவிடெ?"

மைனி பார்த்தாள். அவள் உருட்டி வைத்த டிரம் அதில் இல்லை, அவள் அவிழ்த்த தார்ப்பாய் இல்லை, அவள் அணைத்த அடுப்பின் புகை இல்லை, அவள் கழற்றிய போர்டு இல்லை. எல்லாவற்றையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தாள். பிறகு அபிலாஷின் பக்கம் திரும்பினாள்.

"மக்கா, நீ சொல்லு. போர்டு இருந்துதா, இல்லியா?"

"இருந்நு அம்மச்சி," என்றான் அவன் உடனே. பொய் சொல்லவில்லை. அந்த ஒரு நன்மை அவனிடம் உண்டு. "பக்ஷே அது கெட்டிடத்தின்டெ பாகம் அல்லல்லோ." கட்டிடத்தின் பாகம் இல்லையே என்கிறான்.

"அது தன்னே," என்றார் அதிகாரி.

"ஞானும் கட்டிடத்துக்க பாகம் இல்லியா மக்கா?" என்று மைனி கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அபிலாஷ் தரையைப் பார்த்தான். எல்லாம் நல்லதற்குத்தான் அம்மச்சி, கட்டிடம் பிழைத்ததே, ஜவுளிக்கடை வந்திருந்தால் இதுவும் இருந்திருக்காதே என்று முணுமுணுத்தான். தட்டில் இருந்த நாரங்கா வெள்ளத்தை ஒருவரும் தொடவில்லை. அவர்கள் போன பிறகு நான் அதைச் சாக்கடையில் ஊற்றினேன். அவனை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மைனி அப்போதும், "அவன் பாவம், சின்னப் பையன்," என்றாள். அன்றைக்கு அவளை அடித்திருப்பேன்.

அட்டை பிடித்த பிள்ளைகளுக்குப் போன் செய்தேன். பரீட்சை என்றார்கள். கட்டிடத்தைத்தான் காப்பாற்றியாகிவிட்டதே ஆன்ட்டி என்றாள் ஒருத்தி, நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. டீவிக்காரர்கள் போனை எடுக்கவில்லை. பெஞ்சுகளையும் பாத்திரங்களையும் பழைய சாமான் கடைக்காரன் வண்டியில் ஏற்றினான். போர்டை மட்டும் மைனி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

கரமனையில் அக்கிரகாரத் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. வீட்டுக்காரி லலிதாம்பாள் நல்ல மனுஷி. "இருந்துக்கோங்கோ, நேக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லே. மீன் மட்டும் வேண்டாம், கேட்டேளா," என்றாள். மீன் இல்லாமல் நாங்கள் என்ன மெஸ் நடத்துவது? மைனி தம்பானூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். நான் ஒரு கேன்டீனில் காய் நறுக்கினேன். போர்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சண்டை போடக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. அவள் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டினேன், நான் சொன்னதை அவள் கேட்டாள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு நாள் அபிலாஷ் எங்கள் அறையைத் தேடிக்கொண்டு வந்தான், கையில் அல்வாப் பொட்டலம். கட்டிட வேலை முடிந்துவிட்டதாம். கீழே காபிக் கடை வருகிறது, மேலே படக் காட்சிக் கூடம். திறப்பு விழா அன்றும் அதற்கப்புறமும் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க ஒரு பெண் வேண்டும். படத்தில் இருப்பதுபோலவே, முண்டும் நேரியதும் உடுத்தி, செம்புக்குடத்தோடு. அந்த இடத்தோடு பழக்கமுள்ள ஒரு ஆளாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் கடைக்காரர்களிடம் மைனியின் பெயரைச் சொல்லியிருக்கிறானாம்.

நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "எந்திரிச்சுப் போடே," என்றேன். "அண்ணைக்குப் படத்துலருந்து அவள மாய்ச்ச. இண்ணைக்கு நீ வரஞ்ச பொம்மையா அவளயே நிக்கச் சொல்லுதியா?"

மைனி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மேல நாங்க கெடந்த ரூம ஏறிப் பாக்க விடுவினுமா மக்கா?"

விடுவார்கள் என்றான். அவள் சரி என்றாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். ஆனால் திறப்பு விழா அன்று கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, சந்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். உள்ளே போக எனக்கு அழைப்பு இல்லை. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

கட்டிடம் படத்தில் உள்ளபடியே இருந்தது. ஓடு அதே சிவப்பு. சுவர் அதே வெளிர்மஞ்சள். நிலைச்சட்டத்தில் அண்ணனின் ஆணி இறங்கிய ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருக்க வேண்டும், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் கண்ணாடிக்கதவு வழியாகப் பெரிய சட்டத்தில் அந்தப் படம் தெரிந்தது. படியில் மைனி நின்றாள். கசவு, பூ, சந்தனம். வேதக்காரி, கல்யாணத்துக்குக்கூடப் பொட்டு வைக்காதவள். முகத்துக்கு ஏதோ பூசியிருந்தார்கள். இடுப்பில் குடத்தைப் பச்சை பிளாஸ்டிக் குடம் பிடிக்கிற மாதிரியேதான் பிடித்திருந்தாள். அதை வைத்துத்தான் எனக்கே அவள் என்று தெரிந்தது. வருகிறவர்கள் அவள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பேச வேண்டாம், சிரித்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்போல. அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறின நேரத்தில் சந்தின் முனையில் மகாராஜா வந்தான். கறுத்திருந்தான். தோளில் பை, காலில் சிமென்டுக் கறை. மலையில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கட்டிடத்தின் முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். படிக்குக் கீழே வந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். இந்த மாதிரி வாசலில் நிற்கிற பெண்களை ஏறிட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தனக்குத் தெரிந்த மலையாளத்தைக் கூட்டிச் சேர்த்துக் கேட்டான்.

"சேச்சி, இவிடெ ஒரு தமிழ் மெஸ் உண்டாயிருந்நு. அது எங்கோட்டு போயி?"

மைனியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு கடை மானேஜர் நின்றான். அடுத்த ஜோடி போட்டோ எடுக்கப் படியேறிக்கொண்டிருந்தது.

"அறிஞ்ஞூடா," என்றாள்.

தெரியாது என்றாள். மலையாளத்தில் சொன்னாள். மகாராஜா தலையை ஆட்டிவிட்டு, பையைத் தோள் மாற்றிக்கொண்டு, வந்த வழியே நடந்தான். அவன் முனை திரும்புகிறவரை மைனி அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவனைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். பிறகு இறக்கிவிட்டேன். கூப்பிட்டு எந்த அடுப்படிக்குக் கொண்டுபோய் அவனுக்குச் சோறு போடுவேன்?